பிரேக்கர் எடுக்குமுன் உளியைச் சுற்றி அளந்து பாருங்கள்

கேள்வி: என் மகன் போன வருடம் ஒரு பழைய ஜேசிபி வாங்கினான். வரப்பு போட, பைப் லைனுக்குக் குழி பறிக்க, வீட்டு அஸ்திவாரம் தோண்ட என்று வண்டி ஏதோ ஓடுகிறது. இப்போது ஒரு கல்குவாரியில் ஹிட்டாச்சிக்கு மாட்டியிருந்த பிரேக்கர் பாதி விலைக்கும் கீழே வருகிறதாம். இரும்புத் தட்டு வைத்து வெல்டிங் செய்தால் ஜேசிபியிலும் மாட்டலாம், பெரிய பிரேக்கர் என்பதால் அடி பலமாக விழும் என்று விற்கிறவர் சொல்கிறார். எங்கள் காட்டிலேயே ஒரு ஏக்கர் பாறையாகக் கிடக்கிறது, அதையும் உடைத்துச் சுத்தம் செய்துவிடலாம் என்கிறான் மகன். வண்டிக்கே என் வளையலை அடகு வைத்தாயிற்று. மீதி இருப்பதையும் கேட்கிறான். வாங்கலாமா?
(ராசிபுரம் வட்டத்திலிருந்து ஒரு தாயார்)

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. ஏன் என்று கேட்டு மகன் சண்டைக்கு வருவார். அதனால் காரணத்தை அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். படித்துக் காட்டுங்கள்.

வேளாண்மை படித்தவனிடம் பாறை உடைக்கும் கேள்வியா என்று வாசகர்கள் சிரிக்க வேண்டாம். இந்தப் பதினைந்து நாளில் பிரேக்கர் பற்றி மட்டும் மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறைப் பகுதி. கிணறு ஆழப்படுத்தவும், பண்ணைக்குட்டை வெட்டவும், மேட்டுக் காட்டைத் திருத்தவும் பாறையோடு மல்லுக்கட்டாத விவசாயி நம் பக்கத்தில் குறைவு. உரத்துக்கும் மருந்துக்கும் ஆகும் செலவை அணா பைசாவாகக் கணக்குப் பார்க்கிறவர்கள்கூட, மணிக்கணக்கில் வாடகை ஓடும் இந்த வேலையில் வண்டிக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

முதலில் பிரேக்கர் எப்படி அடிக்கிறது என்று பார்ப்போம். வண்டியின் பம்ப் ஆயிலை அழுத்தி அனுப்புகிறது. அந்த ஆயில் பிரேக்கருக்குள் இருக்கும் பிஸ்டனை மேலே தூக்குகிறது. பிஸ்டனுக்கு மேலே நைட்ரஜன் வாயு அடைத்திருக்கிறார்கள். மேலே போன பிஸ்டன் அந்த வாயுவை அமுக்க, வாயு ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளுகிறது. ஆயிலும் வாயுவும் சேர்ந்து தள்ளும் வேகத்தில் பிஸ்டன் கீழே வந்து உளியின் தலையில் இடிக்கிறது. உளியை ராடு என்பார்கள் சிலர், சிசல் என்பார்கள் சிலர். 20 டன் வண்டியின் பிரேக்கர் நிமிடத்துக்கு 400 முதல் 500 அடி வரை அடிக்கும். சின்ன பிரேக்கர்கள் அதைவிட வேகமாக அடிக்கும். ஆனால் ஒவ்வோர் அடியின் பலமும் குறைவு.

கல் உடைக்கிற கைக்கும் சம்மட்டிக்கும் உள்ள பொருத்தம்தான் இங்கேயும். நோஞ்சான் பையனிடம் பெரிய சம்மட்டியைக் கொடுத்தால் அடி பலமாக விழாது. தூக்கவே முடியாமல் அவன் இடுப்புதான் பிடித்துக்கொள்ளும். வண்டிக்கும் அப்படியே. இரண்டு பொருத்தம் பார்க்க வேண்டும். ஒன்று எடை, இன்னொன்று ஆயில்.

எடையைப் பாருங்கள். ஜேசிபி வண்டி ஏறக்குறைய ஏழரை, எட்டு டன். அதன் பின்கைக்கு என்று செய்கிற பிரேக்கர்கள் 300 முதல் 450 கிலோ வரை இருக்கும். 20 டன் ஹிட்டாச்சியின் பிரேக்கரோ ஒன்றரை டன்னுக்கு மேல். உங்கள் மகனின் வண்டியில் அதை மாட்டினால், கையை நீட்டும்போதே எதிர்ப்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். பக்கவாட்டில் திருப்பினால் வண்டி சாயும். சாயாமல் தப்பித்தாலும், பின்கை வண்டியோடு சேரும் இடத்திலும் பூமின் அடியிலும் மயிரிழை வெடிப்பு விழத் தொடங்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவு அது வளரும்போது செலவு பிரேக்கர் விலையைத் தாண்டியிருக்கும்.

ஆயில் கணக்கு இதைவிட முக்கியம். 20 டன் வண்டியின் பிரேக்கருக்கு நிமிடத்துக்கு 120 லிட்டருக்குக் குறையாமல் ஆயில் போக வேண்டும். அழுத்தமும் 160 கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். ஜேசிபியின் பின்கைப் பிரேக்கர்களுக்கு 50 முதல் 90 லிட்டர் வரை போதும், வண்டியும் அதற்குத் தகுந்தபடிதான் கொடுக்கும். பெரிய பிரேக்கருக்கு ஆயில் போதாவிட்டால் பிஸ்டன் சோம்பலாக ஏறி இறங்கும். ‘டங்… டங்…’ என்று இடைவெளி விட்டு அடிக்கும். ஆயில் கொதிக்கும். சீல்கள் வெந்துபோகும். கடைசியில் பம்ப்பே போகும். விற்கிறவர் சொல்கிற பலமான அடி அங்கே விழவே விழாது.

இதைப் படித்துவிட்டு, சின்னதாக மாட்டினால் ஆபத்தில்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 20 டன் வண்டியில் 75 மில்லி உளியுள்ள பிரேக்கரை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், விலை குறைவு என்று. வண்டி தள்ளும் ஆயிலைக் குறைத்து வைக்காவிட்டால் பிரேக்கர் தன் சக்திக்கு மேல் வேகமாக அடித்துச் சூடேறும். ஆபரேட்டர் பாறை உடையவில்லையே என்று வண்டியின் முழு எடையையும் அதன்மேல் ஏற்றி அமுக்குவார். உளி வளையும், போல்ட் அறுந்து போகும்.

ஆக, வண்டியின் எடையைத் தெரிந்துகொண்டால் அதற்கேற்ற உளியின் கனம் தெரிந்துவிடும். பிரேக்கரின் அளவைப் பெரும்பாலும் உளியின் விட்டத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். 3, 4 டன் மினி வண்டிக்கு 45 முதல் 53 மில்லி. ஜேசிபிக்கும் 7, 8 டன் ஹிட்டாச்சிக்கும் 68 முதல் 75 மில்லி. 13, 14 டன் வண்டிக்கு 100 மில்லியை ஒட்டி. 20 முதல் 22 டன் வண்டிக்கு 135 அல்லது 140 மில்லி. 30 டன் வண்டிக்கு 150, 155 மில்லி. கம்பெனிக்குக் கம்பெனி ஐந்து பத்து மில்லி முன்னே பின்னே இருக்கும். மொத்தத்தில் பிரேக்கரின் எடை, வண்டி எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும்.

வண்டியின் எடை எப்படித் தெரியும்? எந்தக் கம்பெனி வண்டியானாலும் நம் ஊரில் அது ஹிட்டாச்சிதான், அது போகட்டும். பூமில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 70 என்றால் 7 டன் வகை, 110 என்றால் 11 டன் வகை, 200, 210 என்றால் 20, 21 டன் வகை. பெரும்பாலான கம்பெனிகள் கடைசி இலக்கத்தை எடுத்தால் டன் வருகிற மாதிரிதான் பெயர் வைக்கின்றன. ஜேசிபியின் 3டிஎக்ஸ் மாதிரி வண்டிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

உளியின் விட்டத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். தையல்காரர் டேப் ஒன்று போதும், கயிறும் ஸ்கேலும் இருந்தாலும் சரி. வண்டியை அணைக்கச் சொல்லி, பிரேக்கரைத் தரையில் வைத்தபிறகு, உளி உறைக்குள்ளிருந்து வெளியே வருகிற இடத்தில் சுற்றளவு எடுங்கள். நுனியில் எடுக்காதீர்கள், அது தேய்ந்திருக்கும். சுற்றளவு 44 சென்டிமீட்டர் என்றால் உளி 140 மில்லி. 31 சென்டிமீட்டர் என்றால் 100 மில்லி. 23, 24 என்றால் 75 மில்லி. வண்டி 210 ஆக இருந்து சுற்றளவு 31 வந்தால், 20 டன் வண்டியின் வாடகையைக் கொடுத்து 13 டன் வண்டியின் அடியை வாங்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். அங்கேயே வாடகையைப் பேசிக் குறையுங்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது கடிதம் பென்னாகரம் வட்டத்திலிருந்து. அவர் பண்ணைக்குட்டை வெட்ட ஆரம்பித்து ஐந்தடியில் பாறை தட்டியிருக்கிறது. ஜேசிபி பிரேக்கர் வாடகை குறைவு, ஹிட்டாச்சி பிரேக்கர் வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு, எதை எடுப்பது என்று கேட்கிறார். அவருக்கு என் பதில்: மணி வாடகையைப் பார்க்காதீர்கள், ஒரு யூனிட் உடைக்க என்ன ஆகிறது என்று பாருங்கள். யூனிட் என்றால் 100 கன அடி, டிப்பர்காரர்கள் சொல்கிற அதே யூனிட்.

உங்கள் ஊர் வாடகை எனக்குத் தெரியாது, கணக்குக்காக ஜேசிபி பிரேக்கர் மணிக்கு 1,200 ரூபாய், ஹிட்டாச்சி பிரேக்கர் 2,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கெட்டியான பாறையில் சின்னது மணிக்கு 30 கன அடியும் பெரியது 90 கன அடியும் உடைத்தால், சின்னதில் யூனிட்டுக்கு 4,000 ரூபாய், பெரியதில் 2,450 ரூபாய்க்குள். அதே வண்டிகள் சுக்கான் பாறையில் இறங்கி, சின்னது மணிக்கு 100 கன அடியும் பெரியது 150 கன அடியும் பெயர்த்தால், சின்னதில் 1,200 ரூபாய், பெரியதில் 1,470 ரூபாய் வரும். பாறை மாறினால் லாபம் எந்தப் பக்கம் என்பதும் மாறிவிடுகிறது. பெரிய வண்டியை ஏற்றிவர டிரெய்லர் வாடகை தனி. ஜேசிபி தானாகவே ரோட்டில் வந்துவிடும். வேலை இரண்டு மூன்று மணி நேரம்தான் என்றால் டிரெய்லர் காசு மொத்தக் கணக்கையும் புரட்டிப் போட்டுவிடும்.

ஒரு மணி நேரம் சோதனைக்கு அடிக்கச் சொல்லி, பெயர்ந்த கல்லை அள்ளிய பிறகு குழியை நீளம், அகலம், ஆழம் டேப் பிடித்து அளங்கள். கல் குவியலை அளக்காதீர்கள். உடைந்த கல் இடைவெளி விட்டுக் கிடக்கும், பாறையாக இருந்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உப்பித் தெரியும். வண்டிக்காரர் குவியலைக் காட்டித்தான் பேசுவார்.

எந்தப் பாறை என்று முன்கூட்டியே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கடப்பாரையால் ஓங்கிக் குத்துங்கள். மந்தமாகச் சத்தம் வந்து நுனி இறங்கினால் மக்கிய பாறை அல்லது சுக்கான். இதற்குப் பல சமயம் பிரேக்கரே வேண்டாம், ஹிட்டாச்சி பக்கெட்டின் பல்லே பெயர்த்துவிடும். கடப்பாரை கணீர் என்று எகிறினால் கெட்டிப் பாறை. அப்போது தண்ணீர் ஊற்றிக் கழுவி விரிசல் தேடுங்கள். அடுக்கடுக்காகக் கோடு ஓடும் பாறையில் 100 மில்லி உளிகூட நன்றாக வேலை செய்யும். விரிசலே இல்லாமல் யானை முதுகு மாதிரி மழமழவென்று கிடந்தால் 140 மில்லிக்குக் குறைந்து எதையும் கூப்பிடாதீர்கள். அதிலும் ஓரத்திலிருந்துதான் தின்றுகொண்டு வர வேண்டும். நடுவில் குத்தினால் கல் விலக இடமில்லை, உளி துளை போடுமே தவிர பாறை பிளக்காது.

ஆபரேட்டர் வேலை தெரிந்தவரா என்று வரப்பில் நின்றே சொல்லிவிடலாம். நல்ல ஆபரேட்டர் உளியைப் பாறைக்கு நேர் செங்குத்தாக வைப்பார். ஒரே இடத்தில் 15, 20 விநாடிக்கு மேல் அடிக்க மாட்டார், உடையவில்லையென்றால் ஒரு சாண் தள்ளி வைப்பார். ஒரே இடத்தில் நிமிடக்கணக்கில் அடித்தால் அங்கே கல் மாவாகும், உளி நுனி சூடேறி நீலம் பாரித்து மழுங்கும், மீட்டர் மட்டும் ஓடும். பாறை உடைந்த நொடியில் அடியை நிறுத்துகிறாரா என்று பாருங்கள். காற்றில் வெறும் அடி விழுந்தால் அந்த இடி முழுவதும் பிரேக்கருக்குள்ளேயே போகும். உளியைக் கடப்பாரை மாதிரி விரிசலில் விட்டு நெம்புகிறவர் உளியை முறிப்பார். இரண்டு மணிக்கு ஒருமுறை, உளியைத் தரையில் நன்றாக அமுக்கி நிறுத்திக் கிரீஸ் வைக்க வேண்டும். அமுக்காமல் வைத்தால் கிரீஸ் பிஸ்டன் பக்கம் ஏறிச் சீலைக் கெடுக்கும். கிரீஸ் வைக்கிற ஐந்து நிமிடத்துக்காக அவரிடம் முறைக்காதீர்கள். உளி மாற்ற, டீசல் ஊற்ற, பக்கெட் மாற்ற ஆகும் நேரம் யார் கணக்கு என்று மட்டும் முன்பே பேசிவிடுங்கள். பக்கெட்டையும் பிரேக்கரையும் மாற்றி மாற்றி மாட்டினால் பாதி நாள் போய்விடும். முதலில் முழுவதும் உடைத்துவிட்டு, பிறகு பக்கெட் மாட்டி ஒரேயடியாக அள்ளச் சொல்லுங்கள்.

மூன்று நான்கு இடம் மாற்றியும் வெறும் மாவுதான் வருகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். அந்தப் பாறைக்கு அந்த பிரேக்கர் போதாது. வெடி வைப்பதானால் வெடிமருந்து உரிமம் உள்ளவர்களைக் கொண்டு மட்டுமே செய்ய வேண்டும். வீடுகள் பக்கத்தில் இருந்தால், துளை போட்டுச் சுண்ணாம்புச் சத்துள்ள விரிசல் பவுடரைத் தண்ணீரில் குழைத்து ஊற்றுகிற முறை இருக்கிறது. அது உப்பிக்கொண்டே போய் ஒரு நாளில் பாறையைப் பிளக்கும். ஊற்றிய துளையைக் குனிந்து பார்க்கக் கூடாது, சில சமயம் பீறிட்டுக் கண்ணில் அடிக்கும்.

கிணறு என்று வந்துவிட்டால் அளவுக் கணக்கே வேறு. 20 டன் வண்டியின் கை மேலேயிருந்து ஏறக்குறைய 20 அடி ஆழம்தான் எட்டும். நம் கிணறுகள் 60, 80 அடி. அதனால் மினி வண்டியைக் கிரேனில் கட்டி உள்ளே இறக்குகிறார்கள். அங்கே பிரேக்கர் அளவை முடிவு செய்வது பாறை அல்ல, கிணற்றின் வாயும் கிரேனின் சக்தியும்தான். கிரேன் கையை நீட்ட நீட்ட அதன் தூக்கும் சக்தி குறையும் என்பதை மறந்து, 5 டன் தூக்கும் கிரேன்தானே என்று நம்பிவிடக் கூடாது. வண்டி இறங்கும்போதும் ஏறும்போதும் கிணற்றுக்குள் ஆள் இருக்கக் கூடாது. டீசல் புகை கிணற்றுக்குள் தங்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மேலேயிருந்து புளோயர் வைத்துக் காற்று அனுப்பாமல் ஆபரேட்டரை இறக்காதீர்கள், அவர் சரி என்று சொன்னாலும் இறக்காதீர்கள். ஊற்றுத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக்கரின் முன்பக்கம் முங்கினால் தண்ணீர் உள்ளே ஏறிப் பிஸ்டனைக் கெடுக்கும். இத்தனையும் செய்யும் முன், ஆழப்படுத்தினால் தண்ணீர் வருமா என்று பார்க்க வேண்டாமா? வேளாண்மைப் பொறியியல் துறையில் கருவி வைத்து நிலத்தடி நீர் ஆய்வு செய்து தருகிறார்கள். அவர்களுடைய இயந்திரங்களை உழவன் செயலியில் இ-வாடகை மூலம் வாடகைக்கும் எடுக்கலாம். தனியாரிடம் பேசுமுன் அதையும் ஒருமுறை பாருங்கள்.

இனி ராசிபுரம் அம்மாவின் ஒரு ஏக்கர் பாறை. இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது, ஏனென்றால் இது என் துறை.

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. மேலே ஓர் அடி ஆழத்துக்குப் பாறையை உடைத்து எடுத்தால் 436 யூனிட். மேலே போட்ட 2,450 ரூபாய்க் கணக்கில் பார்த்தால் பத்தரை லட்சத்துக்கு மேல். அவ்வளவும் செலவழித்தபின் அங்கே இருப்பது ஓர் அடி பள்ளமும் அதன் அடியில் இன்னும் பாறையும். மண் எங்கே? பாறையை உடைத்தால் கல் வரும், மண் வராது. வெளியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்புவதற்கு இன்னொரு வளையல் வேண்டும்.

அதனால் உடைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த ஏக்கரில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் கடப்பாரையை இறக்கி, எந்த இடத்தில் எத்தனை அடியில் பாறை தட்டுகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். தனித்தனிக் குண்டுக் கற்களாக இருந்து, சுற்றிலும் இரண்டடி மண் இருந்தால், அந்தக் கற்களை மட்டும் உடைத்தோ புரட்டியோ எடுப்பது நிச்சயம் லாபம். கல்லை எல்லையில் கல்கட்டாகப் போட்டால் மண் அரிப்பும் நிற்கும். வெளியே ஏற்றி விற்பதானால் கனிமவளத் துறையின் அனுமதி வேண்டும். இல்லாமல் ஏற்றினால் வண்டியைப் பிடித்துவிடுவார்கள்.

ஒரே தளமாகப் பாறை ஓடினால் ஏக்கரை விட்டுவிட்டுக் குழியை மட்டும் யோசியுங்கள். 3 அடிக்கு 3 அடி, 3 அடி ஆழம் என்றால் ஒரு குழி 27 கன அடி. 10 மீட்டருக்கு ஒன்று என்று ஏக்கருக்கு 40 குழி வைத்தால் மொத்தம் 1,080 கன அடி, 11 யூனிட்கூட இல்லை. அதே கணக்கில் 26,500 ரூபாய்க்குள் முடியும். வாடகைக்கு வருகிற 100 அல்லது 140 மில்லி பிரேக்கர் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுகிற வேலை. அதற்காக யாரும் பிரேக்கரை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. குழிக்கு இடம் குறிக்கும்போது கயிறு பிடித்து நேர்க்கோடு போட்டு அழகு பார்க்க வேண்டாம், பாறையில் விரிசல் ஓடுகிற பக்கமாகத் தள்ளிக் குறியுங்கள். வெட்டிய குழியில் தண்ணீர் நிரப்பிவிட்டு மறுநாள் பாருங்கள். வற்றியிருந்தால் வேர் இறங்க வழி இருக்கிறது. அப்படியே நின்றால் அது தொட்டி, மரம் வேரழுகிச் சாகும். சரிவான பக்கம் ஒரு வாய் உடைத்துத் தண்ணீர் வடிய விடுங்கள், அல்லது அந்தக் குழியைக் கைவிடுங்கள். குழியை ஏரி வண்டலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பிச் சீத்தா, பெருநெல்லி, புளி வைக்கலாம். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். மா வைக்க ஆசைப்பட்டால் முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மரம் வைக்க முடியாத திட்டுகளை அப்படியே விடுங்கள். களமாகும், ஆட்டுப்பட்டி போடலாம். பாறையில் விழுகிற மழை முழுவதும் ஓடி வரும், கீழ்ப்பக்கம் ஒரு வரப்பு போட்டால் அந்த நீர் குழிகளுக்குப் போகும்.

மகனுக்கு ஒரு வார்த்தை. பிரேக்கர் வேலை இருக்கிறது என்பது உண்மைதான், தம்பி. ஆனால் பழைய வண்டியில் முதலில் ஆகாதது பிரேக்கர் வேலை. அது பின்களையும் புஷ்களையும் பம்ப்பையும் மண் வேலையைவிட வேகமாகத் தின்னும். ஒரு பருவத்துக்கு 68 அல்லது 75 மில்லி பிரேக்கரை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். மாதத்தில் எத்தனை மணி நேரம் வேலை வருகிறது, மண் வேலை எத்தனை மணி நேரம் கெடுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு வாங்குவதானாலும், உங்கள் வண்டியின் பிரேக்கர் லைனில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த எண் பிரேக்கரின் தகட்டில் அடித்திருக்கும் அளவுக்குள் விழ வேண்டும். பிரேக்கரிலிருந்து திரும்பும் ஆயில் இடையில் எங்கும் நெரிபடாமல் நேராக டேங்குக்குப் போக வேண்டும். பழையது வாங்கினால் உளியைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். விரல் நுழைகிற அளவு ஆடினால் புஷ் போய்விட்டது. நீளமான நான்கு போல்ட்டில் ஒன்று மட்டும் புதிதாகப் பளபளத்தால், மற்ற மூன்றும் சீக்கிரம் அறுந்து விழப் போகிறவை. தகடு இல்லாத பிரேக்கரைத் தொடவே வேண்டாம்.

அம்மா, வளையல் பெட்டியிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது கடிதம் ஆண்டிபட்டி பக்கத்திலிருந்து, சின்னக் கேள்வி. பிரேக்கர் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவருடைய போர்வெல் இருக்கிறது, கெட்டுப்போகுமா என்கிறார். கேசிங் பைப்பிலிருந்து 15 அடி விலகியே அடிக்கச் சொல்லுங்கள், பக்கெட்டோ உளியோ பைப்பில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், வேலை தொடங்கும் முன் பைப்பின் வாயை இரும்பு மூடி போட்டு இறுக்குங்கள். தெறிக்கிற கல் ஒன்று உள்ளே விழுந்து மோட்டார் மேல் சிக்கினால் மோட்டாரை வெளியே எடுக்கவே முடியாது. வேலை நடக்கும்போது 50 அடிக்குள் குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் விடாதீர்கள். மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக் கண்ணாடியின் முன்னால் கம்பி வலை இருக்கிறதா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள், இல்லையென்றால் முதல் சில்லு அவர் முகத்துக்குத்தான் வரும்.